பாக்கெட்டின் எந்தப் பக்கத்தைப் படிப்பது?

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற ஊருக்கு அருகே, கடலோரத் தெரு ஒன்றில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து மாலைப் படிப்பு மையம் நடத்துகிறோம். முப்பது பிள்ளைகள் வருகிறார்கள். ஐந்தரை மணிக்கு வந்து உட்காரும்போது பாதிப் பேருக்கு வயிறு காலியாக இருக்கும். மதியம் பள்ளியில் சாப்பிட்டதோடு சரி. அம்மா கடல்பாசி எடுக்கவோ மீன் கம்பெனிக்கோ போயிருந்தால் வீட்டில் அடுப்பு பற்ற ஏழு மணியாகிவிடும். வளைகுடாவில் வேலை பார்க்கும் ஊர்க்காரர் ஒருவர் தலைக்கு ஐந்து ரூபாய் வீதம் சிற்றுண்டிச் செலவை ஏற்றுக்கொண்டார். நாளுக்கு 150 ரூபாய். இதில் என்ன வாங்கிக் கொடுப்பது?

தெருமுனைக் கடையிலிருந்து ஐந்து பொருள்களை வாங்கி மேசையில் பரப்பினோம். கிரீம் பிஸ்கெட், ‘கோதுமை’ என்று பெரிதாக எழுதிய பிஸ்கெட், கருப்பட்டிப் படம் போட்ட பிஸ்கெட், உருளைக்கிழங்கு சிப்ஸ், கடலை மிட்டாய். ஆறாவதாக, உறையே இல்லாத கொண்டைக்கடலைச் சுண்டல். மூன்று பேரும் மூன்று விதமாகப் பார்த்தோம். ஒருவர் உறையின் முகப்பைப் பார்த்துக் கோதுமை பிஸ்கெட் என்றார். இன்னொருவர் உணவு நல்லதா கெட்டதா என்று சொல்லும் கைபேசிச் செயலி ஒன்றை வைத்து உறையின் பார்கோடை ஸ்கேன் செய்து, எதுவுமே வேண்டாம் என்றார். நான் பின்பக்க அட்டவணையைப் பார்த்து சிப்ஸை முதலில் தள்ளி வைத்தேன். பிறகு பொருள்களின் பட்டியலைப் படித்தபோது மூன்று பேர் முடிவும் மாறியது. ஒரே பொருள், ஒரே உறை. எங்கே கண் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து வேறு வேறு பதில். பொருளை ஒப்பிடுவதற்கு முன்னால், படிக்கும் முறைகளை ஒப்பிட வேண்டியிருந்தது.

முகப்பில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. அது விற்பவருடைய இடம். கோதுமைக் கதிர், பால் ஊற்றும் படம், ஓடும் பிள்ளை, ‘சக்தி’, ‘இயற்கை’ எல்லாம் அங்கே இருக்கும். தண்ணீர் சேர்த்து மீண்டும் கலந்த சாற்றுக்கு ‘100 சதவீதம் பழச்சாறு’ என்று போட்டுவந்ததை நீக்கும்படி உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 ஜூனில் உத்தரவு போட வேண்டியிருந்தது. அதுவரை எத்தனை வீடுகளில் காய்ச்சல்காரருக்குப் பழச்சாறு என்று நம்பி அதை ஊற்றிக் கொடுத்திருப்பார்கள்!

ஆனால் முகப்பில் சொன்னதைச் சோதிக்கச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. ஒரு பொருளைப் பெயரிலோ படத்திலோ தூக்கிக் காட்டினால், அது எத்தனை சதவீதம் இருக்கிறது என்று பொருள்களின் பட்டியலில் போட்டாக வேண்டும். கருப்பட்டி பிஸ்கெட்டைத் திருப்பினேன். மைதா, சர்க்கரை, பாமாயில், அதற்குப் பின்னால்தான் கருப்பட்டி, 4 சதவீதம். சாயல்குடிப் பக்கம் பனையேறி இறக்கிக் காய்ச்சிய கருப்பட்டியைக் கண்ணால் பார்த்து வளர்ந்த ஊர் இது. அந்தப் பெயரை வைத்து, நூற்றுக்கு நான்கு பங்கு போட்டு, எங்கள் பிள்ளைகளுக்கே விற்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது, இன்னும் தீரவில்லை.

அடுத்தது ஊட்டச்சத்து அட்டவணை. இதுதான் பலரும் ‘லேபிள்’ என்று சொல்வது. 2020-இல் வந்த லேபிள் விதிகளின்படி 100 கிராமுக்கு அல்லது 100 மில்லிலிட்டருக்கு எவ்வளவு ஆற்றல், புரதம், மாவுச்சத்து, மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை, கொழுப்பு, சோடியம் என்று போட வேண்டும். ஒரு முறை உண்ணும் அளவு என்று ஒன்றை நிறுவனமே வைத்து, அது ஒரு நாள் தேவையில் எத்தனை சதவீதம் என்றும் சொல்ல வேண்டும். அந்த நாள் தேவைக்கு அடிப்படை 2,000 கிலோகலோரி, 67 கிராம் கொழுப்பு, 50 கிராம் சேர்த்த சர்க்கரை, 2,000 மில்லிகிராம் சோடியம்.

அட்டவணை பொய் சொல்வதில்லை, ஆனால் கணக்கை நம் தலையில் கட்டிவிடுகிறது. கிரீம் பிஸ்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராமில் சேர்த்த சர்க்கரை 36 கிராம். ஒரு முறை உண்ணும் அளவு 20 கிராம் என்று எழுதி, நாள் தேவையில் 14 சதவீதம் என்கிறது. பாக்கெட்டின் எடையோ 40 கிராம். பாதி பாக்கெட்டைத் தின்றுவிட்டு மீதியை மடித்து வைக்கும் எட்டு வயதுப் பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை. முழு பாக்கெட்டுக்கும் கணக்குப் போட்டால் சர்க்கரை 14 கிராமுக்கு மேல். தேநீருக்குப் போடும் தேக்கரண்டியால் ஏறக்குறைய மூன்று. அந்தச் சதவீதமும் 2,000 கிலோகலோரி உண்ணும் பெரியவருக்கு உரியது. ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நாள் தேவையே 1,700 கிலோகலோரி அளவுதான். ஆக, பிள்ளைகள் தின்னும் பண்டத்தில் அப்பாக்களின் அளவுகோலை வைத்து அச்சடித்திருக்கிறார்கள்.

சிப்ஸில் நானே ஏமாந்தேன். 100 கிராமுக்கு சோடியம் 700 மில்லிகிராம் என்று பார்த்ததும் ஒதுக்கினேன். பிறகு பாக்கெட்டின் எடையைப் பார்த்தால் 12 கிராம்; மீதி காற்று. பிள்ளையின் வயிற்றுக்குள் போவது 84 மில்லிகிராம். இனிப்பான கிரீம் பிஸ்கெட்டில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் சோடியம் இருந்தது. நாக்குக்குத் தெரியாத உப்பு அது. சமையல் சோடாவிலிருந்தும் வருகிறது. 40 கிராம் பாக்கெட்டுக்கு 140 மில்லிகிராம். உப்புக் கரிக்கும் பண்டத்தைவிட இனிப்புப் பண்டத்தில் அதிக சோடியம்! நூறு கிராம் கணக்கு இரண்டு பொருளை ஒப்பிட உதவும். தின்பது எவ்வளவு என்று அறிய, பாக்கெட்டின் எடையால் பெருக்கித்தான் ஆக வேண்டும்.

சோடியத்தை உப்பாக மாற்ற இரண்டரையால் பெருக்கினால் போதும். 2,000 மில்லிகிராம் சோடியம் என்றால் 5 கிராம் உப்பு. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு அதற்குள் நிற்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. 70 கிராம் நூடுல்ஸ் ஒன்றில் மசாலாவோடு சேர்த்து 770 மில்லிகிராம் என்று போட்டிருந்ததைப் பார்த்தேன். ஒரே தட்டில் ஒரு நாள் உப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இரவுக்கு அதையே செய்து கொடுக்கும் வீடுகள் எங்கள் தெருவில் இருக்கின்றன. அந்தத் தாய்மாரைக் குறை சொல்ல என்னால் முடியாது; பகல் முழுவதும் இடுப்பளவு தண்ணீரில் நின்றுவிட்டு வருகிறார்கள்.

இனி பொருள்களின் பட்டியல். என் அனுபவத்தில் உறையிலேயே மிகவும் பயனுள்ள இடம் இதுதான்; அதனால்தானோ என்னவோ எழுத்து மிகப் பொடியாக இருக்கும். எடையில் அதிகமானது முதலில், குறைந்தது கடைசியில் என்று வரிசைப்படுத்த வேண்டும் என்பது விதி. கணக்கே வேண்டாம், முதல் மூன்று பெயர்களைப் படித்தால் அந்தப் பண்டம் என்னவென்று தெரிந்துவிடும். எங்கள் கோதுமை பிஸ்கெட்டில் முதலில் நின்றது ‘ரிஃபைண்டு வீட் ஃப்ளோர்’. கோதுமை என்ற சொல் அதற்குள் ஒளிந்திருக்கிறது, ஆனால் அது மைதா. முழுக் கோதுமை மாவு மூன்றாவதாக வந்தது, 18 சதவீதம். கிரீம் பிஸ்கெட்டில் மைதா, சர்க்கரை, பாமாயில். கடலை மிட்டாயில் நிலக்கடலை, வெல்லம், ஏலக்காய். பட்டியல் அங்கேயே முடிந்தது.

சர்க்கரை பல பெயரில் வரும். இன்வர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ் என்று பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் எடையில் குறைந்து பட்டியலில் கீழே இறங்கிவிடும். எல்லாவற்றையும் கூட்டினால் முதலிடத்துக்கு வந்துவிடலாம். இந்த இடத்தில் பட்டியல் தவறவிடுவதை அட்டவணையின் ‘சேர்த்த சர்க்கரை’ வரி பிடித்துவிடும். அதே அட்டவணையை மட்டும் நம்பினால் கடலை மிட்டாய் தோற்றுவிடும். வெல்லமும் சேர்த்த சர்க்கரைதான் என்பதால் அதன் உறையில் 100 கிராமுக்கு 38 கிராம் என்று இருந்தது. கிரீம் பிஸ்கெட்டைவிட இரண்டு கிராம் அதிகம். ஆனால் ஒரு துண்டு 20 கிராம், அதில் சர்க்கரை ஏழரை கிராம் அளவு. நிலக்கடலையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 25 கிராம் புரதம் உண்டு. மைதாவும் பாமாயிலும் அந்தப் பக்கமே போகாது. பட்டியலைப் படிக்காத கண் இரண்டையும் ஒரே தட்டில் வைத்திருக்கும்.

செயலியைப் பற்றி ஒரு சம்பவத்தைச் சொன்னால் போதும். மையத்துக்கு வரும் பிள்ளை ஒருத்தி சாக்லேட் பால் அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். கெட்டிப்படுத்தவும் கெடாமல் காக்கவும் சேர்ப்பவற்றை உறையில் எண்ணால் குறிப்பார்கள். ஸ்கேன் செய்ததும் அப்படிப்பட்ட சேர்மானம் 407 என்பதற்குச் செயலி சிவப்புக் குறி போட்டது. பிள்ளையைக் கூப்பிட வந்த அவள் அம்மா பயந்துவிட்டார். அவரிடம் சொன்னேன்: “அக்கா, இந்த 407 வேறு எதுவும் இல்லை. நீங்கள் மிதவையில் வளர்க்கிறீர்களே, அந்தப் பாசியிலிருந்து எடுப்பது. பால் கெட்டியாக நிற்பதற்குப் போடுகிறார்கள்.” அவர் பெட்டியை வாங்கினார். கயிறும் பாறையும் கீறிய விரல். ஆள்காட்டி விரலில் துணிக்கட்டு இன்னும் ஈரமாக இருந்தது. “எங்கே எழுதியிருக்கிறது?” என்றார். காட்டினேன். அந்த மூன்று எண்ணின்மேல் விரலை வைத்து, மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். நாற்பத்தைந்து நாள் மிதவையில் வளர்ந்து, காய்ந்து, மூட்டையாகக் கரையேறிப் போகும் பாசி எங்கே போகிறது என்று அதுவரை அவருக்கு யாரும் சொன்னதில்லை. கடலுக்குள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசிக்கும் ஓர் எண் உண்டு. அகர் அகர், 406.

எண் இருந்தாலே நஞ்சு என்று அலறும் செயலி எங்களுக்கு உதவவில்லை. அதே பெட்டியில் பாலுக்கு அடுத்தபடியாகச் சர்க்கரை நின்றது. நியாயமாகச் சிவப்புக் குறி விழ வேண்டிய இடம் அது. கெடாமல் காக்கும் சோடியம் பென்சோயேட் 211, சுவைகூட்டி 621 என்று தெரிந்துகொள்ள எண்கள் தேவைதான். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இறால், நண்டு, மீன், முட்டை, பால், நிலக்கடலை, சோயா, கோதுமை வகைகள் இருப்பதைத் தனியாகச் சொல்லும் வரி உயிர் காக்கும் வரி. கடலை மிட்டாயை முடிவு செய்யும் முன் அந்த வரியை மனதில் வைத்து எல்லா வீட்டிலும் கேட்டோம். ஒரு பையனுக்கு நிலக்கடலை ஆகாது என்று தெரியவந்தது. அவனுக்குப் பொட்டுக்கடலை உருண்டை.

இத்தனையும் படிக்கத் தெரிந்தவர்களுக்கு. சட்டப்படி இந்த விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தால் போதும். மற்ற மொழிகள் விருப்பம் இருந்தால் கூடுதலாகப் போடலாம். விளம்பரத்துக்குத் தமிழ் தெரிந்த நிறுவனத்துக்கு, பொருள்களின் பட்டியலுக்கு வரும்போது தமிழ் தெரியாமல் போகிறது. தேவிபட்டினம் முதல் வாலிநோக்கம் வரை கடையில் நின்று வாங்குகிற பெண்களில் பெரும்பாலோர் தமிழ் படிப்பவர்கள். அவர்களுக்கு எழுதாத எழுத்து அது.

கடலோரத்துக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. உப்புக்காற்றில் எதுவும் ஒரு நாள் தாங்காது. பிரித்து வைத்த பிஸ்கெட் மறுநாள் நமத்துவிடும். கையில் இருக்கும் காசும் அன்றாடக் காசு. அதனால் எல்லாம் சிறு பொட்டலமாகவே விற்கும். கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும். உறையின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேல் இல்லை என்றால் பொருள்களின் பட்டியலும் ஊட்டச்சத்து அட்டவணையும் அதில் போட வேண்டியதில்லை. பல பொட்டலங்களை அடக்கிய பெரிய உறையில் இருந்தால் போதும் என்பது விதி. ஒரு ரூபாய் மிட்டாய், ஊறுகாய்ப் பொட்டலம், தூள் சாஷே எல்லாம் இப்படித் தப்பிவிடுகின்றன. பெரிய உறையைக் கடைக்காரர் பிரித்துப் போட்டுவிடுவார். ஆக, குறைந்த காசுக்கு வாங்குகிறவருக்குக் குறைந்த தகவல். பெரிய பாக்கெட் வாங்க முடிந்தவருக்கு எல்லாத் தகவலும்.

முகப்பிலேயே எளிய குறி ஒன்று போட்டுவிட்டால் இந்தத் தொல்லை பாதி தீரும். அங்கேயும் இரண்டு வழிகள் எதிரெதிராக நிற்கின்றன. 2022 செப்டம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வரைவு, அரை நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை தரும் முறையைச் சொன்னது. சிலி நாடு 2016-இல் வேறு வழியில் போனது. சர்க்கரையோ உப்போ நிறைவுற்ற கொழுப்போ கலோரியோ வரம்பைத் தாண்டினால் முகப்பில் கறுப்பு எண்கோணம். ஒன்றைத் தாண்டினால் ஒன்று, மூன்றைத் தாண்டினால் மூன்று. அதோடு பள்ளியில் விற்கவும் பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்யவும் தடை. முதல் ஒன்றரை ஆண்டில் அங்கே சர்க்கரைப் பானங்கள் வாங்குவது ஏறத்தாழ 24 சதவீதம் குறைந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. 2020-இல் மெக்சிகோவும் அதே வழிக்கு வந்தது.

எனக்கு இதில் ஐயமே இல்லை, எண்கோணம்தான் வேண்டும். நட்சத்திர முறையில் நார்ச்சத்து, கொட்டை, பழம் என்று நல்லது கொஞ்சம் சேர்த்தால் மதிப்பெண் ஏறும். சர்க்கரையின் பாவம் அதில் கழிந்துவிடும். நான்கு சதவீதக் கருப்பட்டியைப் பெயராக வைக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு பிடி ஓட்ஸ் தூவி அரை நட்சத்திரம் வாங்கத் தெரியாதா? நட்சத்திரம் என்றாலே பரிசு. இரண்டு நட்சத்திரம் பார்த்த பிள்ளையும் ‘இரண்டு இருக்கிறதே’ என்று மகிழும். கறுப்புக் குறியை எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் புரிந்துகொள்வார். மொழிச் சண்டைக்கே இடமில்லை. முகப்புக் குறி பற்றிய பொதுநல வழக்கில் மூன்று மாதத்தில் பரிந்துரையைத் தயாரிக்கும்படி 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நிபுணர் குழுவிடம் சொன்னது. பிறகு அவகாசமும் நீட்டித்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருக்கிறது. நாள் கடத்துவதற்கு நேரமில்லை.

உறை இல்லாத உணவெல்லாம் நல்லது என்று சொல்லித் தப்பிவிடவும் எனக்கு மனமில்லை. கருவாட்டில் லேபிள் கிடையாது, ஆனால் அதில் ஏறியிருக்கும் உப்புக்கு எந்த சிப்ஸும் ஈடாகாது. ரத்தக்கொதிப்பு உள்ள என் அப்பாவுக்கு அதை இரண்டு தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, மாதத்துக்கு இரண்டு முறை மட்டும் கொடுக்கிறேன். கீழக்கரைத் தொதல் அருமையான பண்டம். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் கிண்டியது என்பதால் அது சர்க்கரை இல்லாமல் போய்விடாது.

சுண்டலிலும் எனக்குப் பாடம் கிடைத்தது. முதல் நாள் 900 கிராம் கடலைக்கு மூன்று தேக்கரண்டி உப்புப் போட்டோம். லேபிள் படித்த பழக்கத்தில் கணக்குப் போட்டேன். 15 கிராம் உப்பு, தலைக்கு அரை கிராம், சோடியமாக 200 மில்லிகிராம். நாங்கள் ஒதுக்கிய சிப்ஸ் பாக்கெட்டைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்! மறுநாள் ஒன்றரைத் தேக்கரண்டியாக்கி, தேங்காய்த் துருவலும் மாங்காயும் கூட்டினோம். ஒரு பிள்ளையும் உப்பு கேட்கவில்லை.

எங்கள் முடிவு இப்படி வந்து நின்றது. திங்கள், புதன், வெள்ளி சுண்டல். செவ்வாய், வியாழன் கடலை மிட்டாய் ஒரு துண்டு. தைமாதம் பனங்கிழங்கு மலிவாகக் கிடைக்கும்போது அவித்துக் கொடுப்போம். அடுப்பு மூட்ட முடியாத மழை நாளுக்கு மட்டும் பிஸ்கெட். அதிலும் கிரீம் இல்லாத, சர்க்கரை குறைந்த சாதா வகை. நீங்கள் கடையில் நிற்கும்போது ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்றால் முகப்பை விட்டுவிடுங்கள். பட்டியலில் முதல் மூன்று பெயர், அட்டவணையில் சேர்த்த சர்க்கரை, சோடியம் என்று இரண்டு வரி, பிறகு பாக்கெட்டின் எடை. இந்த வரிசையில் பாருங்கள். சர்க்கரை நோயாளிக்கு வாங்கினால் சர்க்கரை வரியோடு மொத்த மாவுச்சத்தையும் பாருங்கள். ‘சர்க்கரை சேர்க்காதது’ என்ற பிஸ்கெட்டிலும் மைதா இருக்கிறது.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த ஆங்கிலச் சொற்களை அட்டையில் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் கடையில் நின்று அம்மாக்களுக்குப் படித்துச் சொல்கிறார்கள். கடைக்கார அண்ணனை ‘காக்கா’ என்றுதான் கூப்பிடுவோம். அவரிடமும் கேட்டேன். “காக்கா, மிட்டாய் வரும் பெரிய உறையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.” எதற்கு என்று கேட்டார், சொன்னேன். சென்ற வாரம் போனபோது, பட்டியல் இருக்கும் பக்கத்தை மட்டும் கத்தரித்து ஒவ்வொரு ஜாடிக்குப் பின்னாலும் ஒட்டி வைத்திருந்தார். ஒரு ஜாடியின் பின்னால் மட்டும் இல்லை. அந்த மிட்டாயின் பெரிய உறையிலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்றார். சரக்கு கொண்டுவரும் பையனிடம் ஏன் என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன்.